மூன்று மிதி

"மிதிங்கண்ணே. இன்னொண்ணு. இன்னொண்ணு. ஆங், அப்பிடியே அமுக்கிப் பிடிங்க, காலெடுத்துறாதீக" என்று ஜீப்புக்கு அடியிலிருந்து மெக்கானிக் சிக்கந்தர் சொன்னதும் தவசி பிரேக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டான், முடியாது என்று சொல்ல வழியில்லை, ஒர்க்‌ஷாப்பில் வேறு ஆளில்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போடியில் பாதிக் கடைக்காரன் ஷட்டரை இறக்கிவிட்டுச் சோற்றுக்குப் போயிருந்தான், மேலே தகரக் கூரை வெயிலில் காய்ந்து தானாகச் சொடக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பின்பக்கம் இடது சக்கரத்துக்கு உள்ளே ஒரு சின்ன மூக்கைச் சிக்கந்தர் ஸ்பானர் வைத்துத் திறந்தான், இத்தனை நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெடல் காலுக்கடியில் பெருமூச்சு விட்டதுபோல் இறங்கித் தரையைத் தொட்டது, இந்த இறக்கம் தவசிக்குத் தெரியும், பதினோரு நாளைக்கு முன்னால் மலையிறக்கத்தில் எட்டாவது வளைவில் இதே காலுக்கடியில் இதே பெடல் இப்படித்தான் போனது, பஞ்சுப் பொதிக்குள் கால் போவதுபோல். அதை இப்போது நினைக்கக் கூடாது. இது ஒர்க்‌ஷாப், வண்டி நாலு மரக்கட்டை மேல் நிற்கிறது, எங்கே ஓடிவிடும். "பிடிச்சிருக்கீகளா?" "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன், நீ வேலயப் பாரு." குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராது, காற்று அமுங்கிக் கொடுத்து ஏமாற்றிவிடும், அதனால் ஒருத்தன் மேலே மிதித்துப் பிடிக்க, ஒருத்தன் கீழே மூக்கைத் திறந்து ஆயிலோடு காற்றையும் வெளியே விட வேண்டும், மூடும் வரை மேலே இருப்பவன் காலை எடுத்துவிடக் கூடாது, எடுத்தால் போன காற்று அதே வழியாகத் திரும்ப ஏறிக்கொள்ளும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் இதே கூத்து. ஐம்பத்திரண்டு வயதில் வலது கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுக்க, ஒரு மிதிக்கட்டையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் தவசி, இதே ஊரில் ஏலக்காய் ஏலக்கடையில் மூட்டை தூக்கியவன், வாயை மட்டும் முதலாகப் போட்டுச் சொந்த வண்டி வாங்கியவன், எவனும் அவனை ஓரிடத்தில் கால்மணி நேரம் உட்காரவைத்தது கிடையாது.

அதுகூடப் பரவாயில்லை, அந்த "சரி"தான் அவனைக் குடைந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, பிரேக் மொத்தமும் பாக்கணும், என்ன ஆகும் என்று கேட்டான், சிக்கந்தர் கையைக் கழுவிக்கொண்டே ஒரு தொகை சொன்னான், தவசி வழக்கம்போல் அதைக் கேட்டுச் சிரித்தான், அந்தச் சிரிப்பு அவனுடைய முதல் ஆயுதம், அப்புறம் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான், பாதிக்கும் கீழே ஒரு தொகையைத் தூக்கிப் போட்டான், அவனுக்கே அது அநியாயம் என்று தெரியும், அநியாயமாக ஆரம்பித்தால்தான் நியாயத்தில் போய் நிற்கும், இது பேரத்தின் பால பாடம். இப்போது சிக்கந்தர் கத்த வேண்டும், நீங்க வேற எடம் பாருங்கண்ணே என்று ஸ்பானரை வீச வேண்டும், தவசி வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ண வேண்டும், சிக்கந்தர் ஓடிவந்து கதவைப் பிடிக்க வேண்டும், ரெண்டு பேரும் டீக்கடைவரை கெட்ட வார்த்தையில் போய்ப் பாதி வழியில் ஒரு தொகையில் முட்டி நிற்க வேண்டும், ரெண்டு பக்கமும் கொஞ்சம் வலித்தால்தான் அது விலை. சிக்கந்தர் துண்டில் கையைத் துடைத்தான், "சரிண்ணே" என்றான். அவ்வளவுதான். ஏறி வந்த படி காலுக்கடியில் இல்லாமல் போனதுபோல் தவசி ஒரு நிமிஷம் நின்றான். எதற்குச் சரி என்றான்? உடனே சரி என்கிறவனை நம்பாதே, இதை அவன் காசு கொடுத்துப் படித்திருக்கிறான், முதல் வண்டி வாங்கினபோது கம்பத்துக்காரன் ஒருத்தன் இப்படித்தான் கேட்ட விலைக்குச் சரி என்றான், தவசி வீடுவரை ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான், மூன்றாம் நாள் இன்ஜின் அடியில் குட்டையாக ஆயில் நின்றது, உள்ளே பிளாக் வெடித்து ஈயம் பூசி வைத்திருந்தது. குறைத்த காசு காணாமல் போகாது, எங்கேயாவது ஒளிந்துகொள்ளும், நீ தேடாத இடத்தில் உட்கார்ந்து உனக்காகக் காத்திருக்கும். சிக்கந்தர் எங்கே ஒளித்தான்? காலை ஒன்பது மணியிலிருந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகப் பார்த்தாயிற்று, டப்பா பிரித்ததைப் பார்த்தான், சீல் பார்த்தான், பன்னிரண்டு மணிக்கு ஒரு டீக்குப் போனான், பத்தே நிமிஷம், திரும்பி வந்தால் பின் இடது சக்கரத்தின் டிரம் மூடியிருந்தது. அதற்குள் என்ன போட்டான்? புது சிலிண்டரா, பழசுக்கு ரப்பர் மட்டும் மாற்றி உப்புத்தாளில் தேய்த்து மினுக்கிவிட்டதா? கேட்கலாம். கேட்டால், ஆமாண்ணே, நீங்க பேசுன காசுக்கு அதான் வரும் என்பான், அப்புறம் பேசின விலை உடையும். கேட்காவிட்டால் நாளைக் காலை ஆறரைக்கு ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பதினாலு பொம்பளையும் பின்னால் ஏறி உட்காருவார்கள்.

"மூடிட்டேன், விடுங்க. மறுபடி மிதிங்க." மிதித்தான், மிதித்தான், மிதித்தான், பிடித்தான். பின் இடது. அம்மாவுக்கும் பின் இடதுதான். அட, இது எதற்கு இப்போது வருகிறது, அது நடந்து பத்தொன்பது வருஷம், பாடை கட்ட வந்தவனிடம் பேரம் பேசினான் தவசி, செத்த வீட்டில் யார் பேசுவார்கள், எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள், அதை வைத்துத்தானே இவனுங்க கொழுக்கிறானுங்க என்று அவனுக்குக் கோபம், அழுகையெல்லாம் அன்றைக்குக் கோபமாகத்தான் வந்தது. தெருவே பார்க்கக் குறைத்துப் பேசினான், அந்த ஆளும் நிமிர்ந்து பார்த்து, சரிங்க என்றான். பச்சை மூங்கில் நாலுக்குப் பதிலாக மூன்று பச்சை, ஒன்று பழசு. தெருமுக்குத் திரும்பும்போது பின்பக்கம் இடது கழி டப்பென்று முறிந்தது, பாடை சாய்ந்தது, கட்டியிருந்த சேலைக்குள்ளிருந்து அம்மாவின் கை மட்டும் வெளியே சரிந்து தொங்கியது, வேலைக்குப் போன கை, நகத்தில் ஏலக்காய்க் கறை போகாத கை, யாரையோ நிற்கச் சொல்கிற மாதிரி ஆடியது. தவசி அந்த ஆளை அடிக்கப் போனான், நாலு பேர் பிடித்தார்கள், அவன் அடியை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றபடி சொன்னான், நீங்க குடுத்ததுக்கு மூணு கழிதான்ங்க வரும், நாலாவது எங்க வீட்டுக் கொட்டகையில இருந்து உருவுனது. தவசி அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஊரே பார்த்தது. அதற்கப்புறமும் பேரத்தை அவன் விட்டானா, விடவில்லை, இன்னும் ஆவேசமாகத்தான் பேசினான், விட்டுவிட்டால் அன்றைக்குப் பேசினது தப்பு என்றாகிவிடும்.

தொடை கடுக்க ஆரம்பித்தது. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டான், பவர் ஸ்டீரிங், வேறொரு காரிலிருந்து கழற்றிப் பொருத்தியது, ஒற்றை விரலில் திரும்பும், எதிரில் மஞ்சள் வெளிச்சம் போடுகிற விளக்கு ரெண்டு, எவர்சில்வர் கம்பி, முன் சீட்டுக்கு மெத்தை, கல்லிலும் சேற்றிலும் பிடிக்கிற முரட்டு டயர், போன ஒரு வருஷத்தில் இந்தக் கிழட்டு ஜீப்புக்கு மாப்பிள்ளை அலங்காரம் செய்திருந்தான். பாரஸ்ட் ஏலத்தில் எடுத்த வண்டி, அவன் மூத்த மகளைவிட இதற்கு வயது அதிகம், தினம் காலை போடியிலிருந்து மலையேறி, பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டி, மேட்டுக்கு அந்தப் பக்கம் தார் முடிகிற இடத்தில் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற குட்டிக் கம்பியைத் தட்டிவிட்டு, பாறையிலும் சகதியிலும் மூன்று மைல் தவழ்ந்து ஏலத்தோட்டத்தில் பொம்பளைகளை இறக்கும், சாயங்காலம் அதே வழியில் இறங்கும். போன வருஷம் தோட்டத்துக் கங்காணி சொன்னான், "தவசி, உன் வண்டியப் பாத்தா மொதலாளி மொகத்தச் சுளிக்கிறாரு, புது வண்டிக்காரனுங்க நாலு பேரு வாசல்ல நிக்கிறானுங்க." அதற்கப்புறம்தான் இத்தனை சோடனையும். சிக்கந்தர் அப்போதே சொன்னான், "மொதல்ல பிரேக்குண்ணே, அப்புறம் பவுடரு பூசலாம்." பிரேக் கண்ணுக்குத் தெரியுமா, கங்காணி பிரேக்கைப் பார்த்தா ஆள் ஏற்றுகிறான்? சீட்டுக்கடியில் ஒரு பாட்டில் பிரேக் ஆயில் வைத்துக்கொண்டான் தவசி, பொம்பளைகள் வருமுன்னே ஆறு மணிக்குத் தனியாகப் போய் மூடியைத் திறந்து குறைந்ததை ஊற்றிவிடுவான், திருட்டுத்தனமாகச் சாமிக்கு எண்ணெய் விடுகிற மாதிரி. முதல் மிதி பள்ளத்தில் போகும், ரெண்டாவது கொஞ்சம் தடுக்கும், மூன்றாவதில் வண்டி பிடிக்கும். வளைவுக்கு இருபதடி முன்னாலேயே மூன்று மிதி. காலுக்குப் பழகிவிட்டது, பழகினதும் அது கோளாறு என்பதே மறந்துவிட்டது, மூன்று மிதித்தால்தான் வண்டி என்று ஆகிவிட்டது. பாண்டீஸ்வரி என்று ஒருத்தி, புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், ஒருநாள் காலை பின்னாலிருந்து, "என்னண்ணே பிரேக்கு இழுத்துக்கிட்டே போகுது" என்றாள், ஆறாவது வளைவிலேயே நிறுத்தி இறக்கிவிட்டான், நடந்து வா, அப்பத் தெரியும் எது இழுக்குதுன்னு. அதற்கப்புறம் பின்னால் யாரும் பேசுவதில்லை. ஒரு சத்தம் மட்டும் வரும், தொம் தொம் தொம்மென்று, இறக்கத்தில் தரைத் தகரம் ஆடுகிற சத்தம், வெள்ளிக்கிழமை சிக்கந்தரிடம் சொன்ன வேலையில் அதுவும் ஒன்று, பின்னால தகரத்த முறுக்கு, ரொம்ப அடிக்கிது. காலையில் சிக்கந்தர் உள்ளே தவழ்ந்துபோய்ப் பார்த்துவிட்டு, "ஒரு போல்ட்டும் லூசில்லண்ணே, கல்லு மாதிரி இருக்கு" என்றான். சோம்பேறி. அதையும் பார்க்காமல்தான் சொல்லியிருப்பான்.

"அடுத்த சக்கரம் போறேன், இருங்க." வலது பின், அப்புறம் முன் இடது, மிதி, பிடி, விடு, சிக்கந்தர் கையிலிருந்த பாட்டிலுக்குள் சின்ன ரப்பர்க் குழாய் வழியாக முட்டை முட்டையாகக் காற்று வந்து வெடிப்பதைத் தவசி கண்ணாடியில் பார்த்தான், இத்தனை காற்றா, இத்தனை காற்றின் மேலா பதினாலு உயிரை உட்காரவைத்து இறக்கினோம். எட்டாவது வளைவு. தூறல். ஒன்று மிதித்தான், பள்ளம். ரெண்டு, பள்ளம். மூன்று, பள்ளம். நான்காவது மிதிக்கு வளைவில் இடமில்லை. எதிரில் ஆகாயம்தான் இருந்தது, தேனிப்பக்கத்து விளக்கெல்லாம் அப்போதுதான் ஏற்றுகிற நேரம், அழகாகக்கூட இருந்தது, அதைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. கியரை ரெண்டாவதில் போட்டு, கர்ரென்று பல் உடைகிற சத்தத்தோடு ஒன்றில் திணித்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து ஓடையில் இடது சக்கரத்தை இறக்கி உரசினான், வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மழைப்பூச்சி மட்டும் கத்தியது. தவசி திரும்பாமலே சொன்னான், "மிளா மானு ஒண்ணு குறுக்க வந்துருச்சு." பின்னால் பதினாலு பேரில் ஒச்சம்மாள் மதினியின் குரல் மட்டும் வந்தது, பதினைந்து வருஷமாக அவன் வண்டியில் வருகிறவள், பொம்பளைகளுக்கெல்லாம் மூத்தவள், "மிளாவுக்கு நல்ல ஆயுசு" என்றாள். அந்த நாலு வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று பதினோரு நாளாக உரித்துப் பார்க்கிறான், நாலா, மூன்றா, எண்ணிப் பார்த்தால் மூன்றுதான், அவனுக்கு எல்லாமே ஒன்று கூடவோ குறையவோதான் வருகிறது. மறுநாள் காலை அவர்கள் வர மாட்டார்கள் என்று நினைத்தான். ஆறரைக்குப் பதினாலு பேரும் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். ஒரு மிளாவைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. அவனும் பாட்டிலிலிருந்து ஒன்றுக்கு ரெண்டாக ஊற்றிக்கொண்டு ஓட்டினான், வெள்ளிக்கிழமைவரை, ஒவ்வொரு வளைவாக, செத்துச் செத்து.

"முடிஞ்சதுண்ணே. இப்ப ஒரே ஒரு மிதி மிதிங்க, நிக்கிதான்னு பாப்பம்." கால் இறங்கியது, ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கி நின்றது. "ஒண்ணுன்னேன்." "ஒண்ணுதான்யா மிதிச்சேன்." "மூணு மிதிச்சீக. திரும்ப. ஒரே மிதி." தவசி தன் காலைப் பார்த்துக்கொண்டே மிதித்தான், ஒன்று, அது கல்லாக நின்றது, நின்றபிறகும் கால் சும்மா இருக்கவில்லை, முழங்காலுக்குக் கீழே இருப்பது வேறு யாருடையதோ போல் இன்னும் ரெண்டு தரம் துடித்து மிதித்தது. அடியிலிருந்து சிக்கந்தர் சிரிக்கவில்லை. "முன் வலது பைப்புல ஒரு நட்டு கசியுற மாதிரி இருக்கு, நான் தளத்தி முறுக்குறேன், அதுவரைக்கும் முழுசா அமுக்கிப் பிடிச்சே இருங்க, என்ன ஆனாலும் காலெடுக்கக் கூடாது" என்றான், பெடல் மறுபடி தரைக்கு இறங்கியது, அப்புறம் ஸ்பானர் சத்தத்துக்கு நடுவே தனக்குத்தானே போலச் சொன்னான், "அந்தம்மா சொன்னது சரியாத்தேன் இருக்கு. மூணு." தவசிக்குக் காது நிமிர்ந்தது, "எந்தம்மா?" ஸ்பானர் மட்டும் திரும்பியது. சரி, இதையும் சேர்த்தே கேட்டுவிடலாம், பேசின விலை உடைந்தால் உடையட்டும் என்று அவனுக்கு ஒரு வெறி வந்தது, "பின் இடது சக்கரத்துல என்னய்யா போட்ட? பழசுதான? மூஞ்சப் பாத்துச் சொல்லு." மூஞ்சியைப் பார்க்க ரெண்டு பேருக்கும் வழியில்லை, நடுவில் வண்டி இருந்தது. "நாலும் புதுசுண்ணே" என்றான் சிக்கந்தர். "பைப்பு புதுசு, மாஸ்டர் சிலிண்டர் புதுசு, மிதி லேசாவுறதுக்கு பூஸ்டரு வேற வச்சிருக்கேன், பாக்கலியா?" பார்த்தான், காலையில் பார்த்தான், அந்தக் கறுப்புப் பானையை வேறு யாருடைய வண்டிக்கோ என்று நினைத்தான். "நான் பேசுன காசுக்கு எப்பிடியா நாலும் புதுசு வரும்?" ஸ்பானர் நின்றது. "வராதுண்ணே." "பெறகு?" "அந்தம்மா சொல்லக் கூடாதுன்னுச்சு." "யோவ், எந்தம்மாய்யா!" "ஒச்சம்மாக்கா. போன வாரமே வந்துச்சு. எப்பிடியும் உங்கிட்டத்தேன் வருவான், வந்தா அநியாயமாக் கொறைப்பான், நீ மல்லுக்கட்டாத, சரின்னு சொல்லிரு, மல்லுக்கட்டுனா வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி வேற எவங்கிட்டயாவது ரப்பர மட்டும் மாத்திக்கிருவான், மிச்சத்த நாங்க தாரோம்னு சொல்லிச்சு. பதினாலு பேரும் அரைநாச் சம்பளம் போட்டுருக்காக. மிளாக் கதையும் சொல்லுச்சு."

கோபம் முதலில் வந்தது, அவனுக்கு எதுவும் முதலில் கோபமாகத்தான் வரும், இறங்கிப் போய்ச் சிக்கந்தரின் காலைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும், எவளோ குடுத்தா வாங்கிருவியா, எனக்குப் பிச்ச போடுறாளுகளா, நானா அனாதை, என் வண்டிக்கு எவ காசு போடுறது, கதவைத் திறக்கக் கை போனது, பிட்டம் சீட்டை விட்டு எழுந்தது, "காலு! காலு! எடுத்தீகன்னா காத்து ஏறிரும், அத்தனயும் மொதல்லருந்து" என்று அடியிலிருந்து அலறல், கை கதவிலும் கால் பெடலிலுமாக, பாதி எழுந்து பாதி உட்கார்ந்து, ஜீப்புக்கும் தரைக்கும் நடுவே மாட்டிய மாதிரி நின்றான் தவசி. எடுத்துவிடு, ஏறட்டும் காற்று. கால் வரவில்லை. அது அவன் பேச்சைக் கேட்கிற காலாக இல்லை. கெண்டைச் சதை ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டது, வியர்வை கண்ணுக்குள் ஒழுகியது, துடைக்கக் கை வரவில்லை. மெதுவாக உட்கார்ந்தான். யாரிடம் போய்க் கத்துவது? அவர்கள் கேட்டிருந்தால் கத்தியிருப்பான், இறக்கிவிட்டிருப்பான், அது தெரிந்துதான் கேட்கவில்லை. இறங்கிப் போயிருந்தால் வேறு வண்டிக்காரன் எவனும் இருபத்திரண்டு பேரை அடைக்கிறான், தவசி பதினாலுக்கு மேல் ஏற்றமாட்டான், தர்மத்துக்கு இல்லை, வில்லுப் பட்டை உடையும் என்று, அதனால் அவர்களுக்கும் போக இடமில்லை, அவனுக்கும் போக இடமில்லை, இந்தத் தகரப் பெட்டிக்குள் பதினைந்து பேரும் தினம் ஏறி இறங்கியிருக்கிறார்கள், ஒவ்வொருத்தரும் அடுத்தவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. குறைத்த காசு எங்கே ஒளிந்தது என்று வெள்ளிக்கிழமையிலிருந்து டிரம்முக்குள்ளும் டப்பாவுக்குள்ளும் தேடினானே, அது அவளுகள் சேலை முடிப்பில் இருந்திருக்கிறது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாடைக்காரன் தன் வீட்டுக் கொட்டகையிலிருந்து உருவின கழிபோல. பாண்டீஸ்வரியும் போட்டிருப்பாளா? பதினாலு என்றால் அவளும்தான். இறக்கிவிட்ட அன்று ஆறாவது வளைவிலிருந்து மழையில் நடந்தே போனாளாம், அரைநாள் கூலி போனது. இப்போது இன்னொரு அரைநாள். "முறுக்கிட்டேன். விடலாம்ணே." தவசி காலை எடுக்கவில்லை. "அண்ணே, விடலாம்." அவன் ரெண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கித்தான் அதைப் பெடலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

சக்கரம் மாட்டி, கட்டையை உருவி, வண்டி தரைக்கு வந்தபோது நாலரை இருக்கும். சிக்கந்தர் அவன் முகத்தைப் பார்க்காமல் கைகழுவினான். பேசின தொகையைத் தவசி நீட்டினான், சிக்கந்தர் எண்ணாமல் பைக்குள் வைத்தான், முழுத்தொகையையும் நானே தாரேன், அவுக காச அவுகளுக்குத் திருப்பிக் குடு என்று சொல்ல வாய் திறந்தபோது வாசலில் காய்கறிப் பையோடு ஒச்சம்மாள் நின்றிருந்தாள், சந்தைக்கு வந்தவள்போல, சந்தை இந்தப் பக்கம் இல்லை. தவசியை அவள் கண்டுகொள்ளவில்லை, சிக்கந்தரிடம், "என்ன பாய், மிளா வந்தா நிக்குமா இனி?" என்றாள். "யானை வந்தாலும் நிக்கும்க்கா." "யானைக்கெல்லாம் எங்க கொழுந்தனாரு நிப்பாட்ட மாட்டாரு, பேரம் பேசி அனுப்பிருவாரு." சிக்கந்தர் சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான். தவசிக்கு என்னவோ சொல்ல வேண்டியிருந்தது, பதினைந்து வருஷமாகக் கத்திக் கத்திப் பேசினவனுக்கு மெதுவாகப் பேசுகிற சொல் ஒன்றும் கைவசம் இல்லை. "வீட்டுக்குத்தான? ஏறுங்க மதினி, விட்டுட்டுப் போறேன். முன்னால உக்காருங்க." "முன் சீட்டு மெத்தையெல்லாம் கங்காணிக்குப்பா. எங்க எடம் எங்களுக்குத் தெரியும்" என்று அவள் பின்னால் சுற்றிப்போய், பையை முதலில் ஏற்றி, கம்பியைப் பிடித்து ஏறி, வழக்கமாக உட்காருகிற இடத்தில், அவனுக்கு நேர்ப் பின்னே உட்கார்ந்தாள். வண்டி தெருவுக்கு வந்தது. "மதினி, அந்தக் காசு" என்றான் கண்ணாடியைப் பார்த்து, கண்ணாடியில் அவள் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தக் காசு?" "அதான், சிக்கந்தர் சொன்னான்." "ஓ, அதா. அத நாளைக்குப் பேசுவோம், பதினாலு பேரும் இருக்கையில. ஒத்தையில உங்கிட்டப் பேரம் பேச எனக்குத் தெம்பில்ல." நாளைக்கு. ஆறரை மணி. பதினாலு பேர். மலையேறி முடிய ஒன்றரை மணி நேரம், நடுவில் எங்கேயும் அவன் இறங்கி ஓட முடியாது. எதிரே வாய்க்கால் பாலத்து இறக்கம் வந்தது, இறங்கி உடனே திரும்ப வேண்டும், திருப்பத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே நின்றது, தவசி காலை வைத்தான், ஒரே மிதி, பல்லைக் கடித்துக்கொண்டு காலை அங்கேயே அழுத்தி வைத்தான், ரெண்டாவது மிதிக்கு அது துடித்தது, விடவில்லை. ஜீப் சொன்ன இடத்தில் நின்றது, மூக்கு முன்னே சாய்ந்து, மாட்டுவண்டிக்கு நாலு முழம் தள்ளி. அப்போது முதுகுக்குப் பின்னே, ஒரு போல்ட்டும் லூசில்லாத தகரத்தின் மேல், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை ஒற்றைக் கால் மிதித்தது. தொம். தொம். தொம்.